டத்தோ சாச்சார்: மலாக்காச் செட்டிகளின் அம்மன் விழாவும் அஞ்சத்தக்கவற்றுக்கு உறவுப்பெயர் இடும் மரபும்

மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் உள்ள ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமும் ஒட்டிய நாள்களில் அம்மனுக்கு விழா எடுக்கப்படுகிறது. 1822ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் இக்கோயில் மலாக்காச் செட்டிகளுக்கு உரியது. விழாவை அவர்கள் தம் வீட்டு மொழியில் ‘டத்தோ சாச்சார்’ என வழங்குகின்றனர். மலாய் மொழியில் ‘சாச்சார்’ என்பது பெரியம்மை நோய். ‘டத்தோ’ என்பது பாட்டன், குடியின் மூத்தோன், ஊர்த்தலைவன் ஆகிய பொருள்களைத் தரும் சொல். இன்று மாநில அரசுகள் வழங்கும் விருதின் பெயராக மட்டுமே நம் மாணவர்கள் அதனை அறிவர். தமிழர் தாயெனப் போற்றும் தெய்வம் இங்கே ஒரு பாட்டனின் பெயரைப் பெற்றிருக்கிறது. இப்பெயரைக் கேட்கும் தமிழ் அறிந்தோர் பலர், தாய்மொழியை இழந்த ஒரு சமூகம் தெய்வத்தின் பெயரையும் இழந்துவிட்டது என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

அதற்கு விடை காண, ‘டத்தோ’ என்னும் சொல் இந்நிலத்தில் வேறு எவற்றைச் சுட்டி வழங்கியது என்று முதலில் பார்த்தல் வேண்டும். ஊர்க் காவல் ஆவிகளை மலாய்க்காரர் ‘டத்தோ கெராமாட்’ என்றனர். சீனர் அதே சொல்லை ‘நாதுக் கோங்’ என்று தம்மொழியில் ஏற்று, சாலையோரங்களிலும் மரத்தடிகளிலும் சிவப்பு நிறச் சிறு மாடங்கள் அமைத்து வணங்கி வருகின்றனர். காட்டிற்குள் செல்லும் மலாய்க்காரர் புலியை அதன் பெயரான ‘ஹரிமாவ்’ என்று கூறமாட்டார். ‘பாக் பெலாங்’, அதாவது வரிகளை உடைய பெரியவர் என்றோ, ‘டத்தோ’ என்றோ குறிப்பிடுவார். பெயரைச் சொன்னால் அது வந்து நிற்கும் என்பது நம்பிக்கை. 1900ஆம் ஆண்டில் வெளிவந்த வால்டர் வில்லியம் ஸ்கீட் என்பாரின் மலாய் மாந்திரிகம் பற்றிய நூல், புலியைச் சூழ்ந்த இத்தகைய நம்பிக்கைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

புலியும் தெய்வமும் ஒரே மதிப்புப் பெயரால் சுட்டப்படுதல் தற்செயலன்று. பூனைக் குடும்பத்து விலங்குகளும் பெண் தெய்வங்களும் இணைந்து நிற்கும் வழிபாடுகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது எகிப்தின் பாஸ்தெத் வழிபாடு. நைல் ஆற்றுக் கழிமுகத்தில் இருந்த புபாஸ்திஸ் நகரில் இத்தெய்வத்துக்கு நிகழ்ந்த விழாவுக்கு ஆண்களும் பெண்களும் படகுகளில் பாடியும் கைதட்டியும் சென்றதையும், குழந்தைகள் நீங்கலாக 7 இலட்சம் பேர் அங்குக் கூடியதாக உள்ளூரார் கூறியதையும், ஆண்டு முழுவதும் பருகிய திராட்சை மதுவினும் அவ்விழாவில் பருகியது மிகுதி என்பதையும் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் எரொடோட்டசு எழுதி வைத்துள்ளார். பாஸ்தெத் முதலில் சிங்கத் தலையுடன் வடிக்கப்பட்டுப் பின்னரே வீட்டுப் பூனையாகத் தணிந்தாள் என்பர் எகிப்தியல் அறிஞர். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோன்றிய புதுப் பாகனியக் குழுக்கள் அவளுக்கு மீண்டும் விழா எடுக்கின்றன. அறுந்துபோன வழிபாட்டை நூலறிவு கொண்டு மீட்க முனையும் அம்முயற்சி, வழிபாடு தொடர மொழித் தொடர்ச்சியும் குருதித் தொடர்ச்சியும் எந்த அளவுக்குத் தேவை என்னும் வினாவை மறைமுகமாக எழுப்புகிறது. செட்டிகளைப் பற்றிப் பேசும்போதும் அவ்வினாவை நாம் எதிர்கொள்ள நேரும்.

இந்தியாவில் பூனையோடு தொடர்புடைய தெய்வங்கள் சிலவே. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குக் கரும்பூனையே ஊர்தி. உணவைத் தானே தின்றுவிட்டுப் பூனையின்மீது பழி சுமத்திய இளைய மருமகளின் பிள்ளைகளை அப்பூனை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்ற கதை அங்கு நோன்புநாளில் கூறப்படுகிறது. கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் பெக்கலெலே என்னும் சிற்றூரார் மங்கம்மா என்னும் தம் தெய்வம் பூனை வடிவில் ஊருக்குள் வந்து, புற்றை விட்டு மறைந்தது என்று நம்பிப் பூனைக்குக் கோயில் அமைத்து ஆண்டு விழாவும் நடத்துகின்றனர். பூனைக்குத் தீங்கு செய்தவர் ஊரில் இருக்க இயலாது என்பது அவ்வூர் வழக்கு. கன்னடத்தில் பூனையைக் குறிக்கும் ‘பெக்கு’ என்னும் சொல்லின் பழைய வடிவம் ‘பெர்கு’. தமிழின் ‘வெருகு’ இதனோடு ஓரினச் சொல் எனத் திராவிட வேர்ச்சொல் அகராதி காட்டும்.

தமிழ் மரபிலோ பூனை தெய்வநிலையை எய்தவில்லை. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயரைக் குட்டி என வகுத்தது. குறுந்தொகையில் மாலைப்பொழுதில் வேலியோரம் வரும் வெருகைக் கண்டு கோழிப்பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியக் காட்சியில் இந்திரனைப் பூனை வடிவில் காட்டுகிறது. அகலிகையின் இல்லத்திலிருந்து நழுவும் கள்வனின் வடிவம் அது. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம்செய்யும் பூனையும் அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளும் அனைவரும் அறிந்தவை. ஆகத் தமிழில் பூனை திருடன், கரவுடையோன், போலித் துறவி. சஷ்டி நோன்பு நம்மிடையே முருகனுக்கு உரியதாயிற்று. மகாபாரத வனபருவம் கந்தனின் துணைவியான தேவசேனையையே சஷ்டி எனவும் குறிப்பதால், பிள்ளைவரம் வேண்டி நோற்கும் நம் சஷ்டியும் வங்கத்துச் சஷ்டியும் ஒரே அடியினின்று கிளைத்தவை என்று கருத இடமுண்டு. எனினும் அப்பூனை தெற்கே வரவில்லை.

பூனைக்குக் கிடைக்காத இடம் புலிக்குக் கிடைத்தது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் புனையப்பெறும் எயினர் குடிக் குமரியின் கழுத்தில் புலிப்பல் தாலி அணிவிக்கப்படுகிறது. வரியும் புள்ளியும் கொண்ட விலங்குத் தோல் மேகலையாகிறது. அவள் ஊர்தி கலைமான். புலி அங்கு ஊர்தியன்று, வெல்லப்பட்டு அணியாக மாறிய அச்சம். பிற்காலத்தில் சிங்கம் ஊர்தியாகிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் மானும் சிங்கமும் ஒருசேர நிற்றல் இம்மாற்றத்தின் இடைநிலை எனலாம். அஞ்சத்தக்கதை அழிக்காமல் அணியாகவோ ஊர்தியாகவோ உறவாகவோ ஆக்கிக்கொள்ளும் போக்கு தமிழரின் அம்மன் வழிபாட்டில் தொன்றுதொட்டு வருவது. மலாக்காவில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

நோயின் பெயர்

தமிழர் பெரியம்மையை அதன் பெயரால் அழைத்ததே இல்லை என்று கூறினும் தகும். ‘அம்மை’ என்பது தாய். கொப்புளங்கள் ‘முத்து’. நோய் கண்டதை ‘அம்மை வார்த்திருக்கிறது’, ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்றனர். நோய் நீங்குவது ‘இறங்குதல்’. வேப்பிலையால் வருடுவதும், தலைக்குத் தண்ணீர் விடுவதும், வீட்டு வாயிலில் வேப்பங்கொத்துச் செருகுவதும் வந்த விருந்தாளிக்குச் செய்யும் உபசாரங்களாகவே அமைந்தன. மலாய் மொழியிலும் இதனை ஒத்த ஒரு வழக்கு உண்டு. பெரியம்மையை மலாய்க்காரர் ‘கெதும்புஹான்’ என்றும் கூறினர். ‘முளைத்து எழுவது’ என்பது அதன் பொருள். தோலில் எழுவதைப் பயிராகக் கண்ட அம்மொழியும், முத்தாகக் கண்ட தமிழும் ஒரே அச்சத்தின் இரு வெளிப்பாடுகள்.

இப்பின்னணியில் ‘டத்தோ சாச்சார்’ என்னும் தொடரை நோக்கினால், அது தமிழ்ப் பெயரின் சிதைவன்று, அதன் நேர்ப்பெயர்ப்பு என்பது விளங்கும். புலியையும் ஊர்க்காவலையும் எந்த உறவுப்பெயரால் மலாக்கா மண் தணிவித்ததோ, அதே பெயரால் செட்டிகள் நோயையும் தணிவித்தனர். ‘அம்மை’ என்னும் சொல்லை மலாயில் பெயர்த்தால் ‘இபு’ என்று வரவேண்டுமே எனச் சிலர் வினவக்கூடும். இபு என்பது ஈன்ற தாயைக் குறிக்கும் வெறும் உறவுச்சொல். அச்சமும் மதிப்பும் கலந்த தெய்வத்தன்மை அதற்கு இல்லை. தமிழில் ‘அம்மன்’ செய்யும் பணியை மலாயில் ‘டத்தோ’ என்னும் சொல்லே செய்யும். பால்வேறுபாடு இங்கு நாம் எண்ணுமளவு உறுத்துவதன்று. மலாய்ப் படர்க்கைப் பெயர் ஆண்பால் பெண்பால் காட்டாது. அச்சொல்லைச் சொல்லும் செட்டிப் பாட்டியின் மனத்தில் எழும் உருவம் கருவறையில் வீற்றிருக்கும் அம்மனுடையதே. ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் நோயின் பெயரை முற்றிலும் மறைத்துத் தாயை மட்டும் கூறியது. செட்டிகளின் தொடர் நோயையும் மதிப்புப் பெயரையும் அருகருகே வைத்தது.

செட்டிகளும் அவர்தம் மொழியும்

மலாக்காச் செட்டிகளை நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு ஒன்றாக எண்ணுதல் இன்றும் காணப்படும் பிழை. நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியை ஒட்டி வட்டித்தொழிலுக்கு வந்தவர். மலாக்காச் செட்டிகளோ 15ஆம் நூற்றாண்டில் சுல்தான்கள் ஆண்டபோது சோழமண்டலக் கரையிலிருந்து வந்து தங்கிய தமிழ் வணிகர்க்கும் உள்ளூர்ப் பெண்டிர்க்கும் பிறந்த வழியினர். அக்காலத் துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள் நிருவகித்தனர். 1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றியபின் நயின சட்டு என்னும் தமிழ் வணிகர் உயர் பதவி பெற்றதையும், பின்னர் அது பறிக்கப்படவிருந்த நிலையில் 1514இல் தீப்புகுந்து மாண்டதையும் போர்த்துகீசிய ஆவணங்கள் கூறும். 1613ஆம் ஆண்டில் எரேடியா வரைந்த நகர் வரைபடத்தில் கிலிங்கர் குடியிருப்பு தனித்துக் குறிக்கப்பட்டுள்ளது. 1641இல் டச்சுக்காரர் வந்தபின் கடல்வணிகம் இச்சமூகத்தாரின் கையைவிட்டு மெல்ல நழுவ, இவர்கள் காஜா பெராங் பகுதியில் நிலம் சார்ந்தும் சிறுதொழில் சார்ந்தும் வாழத் தலைப்பட்டனர். டச்சு ஆட்சி அளித்த நிலத்தில் தவநாயகம் செட்டி என்பாரின் தலைமையில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் ஜாலான் துக்காங் எமாசில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதே தெருவரிசையில் கம்போங் கிலிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்ற பகுதியில் இத்தெருவும் அடங்கும்.

செட்டிகளின் வீட்டு மொழி தமிழும் பிறவும் கலந்த மலாய். பெண்டிர் அணிவது சாரோங், கெபாயா. ஆயினும் வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்கும். பொங்கலுக்கு முன்னாள் ‘பார்ச்சு பொங்கல்’ என்று முன்னோர்க்கு வாழையிலையில் படையலிடுவர். ஆண்டின் நடுப்பகுதியில் பழங்களைப் படைக்கும் மற்றொரு பார்ச்சும் உண்டு. படையலில் நாசி லெமாக் இடம்பெறும் என்பதைக் கேட்டு நகைப்போர் உளர். தேங்காய்ப்பால் சோறு மூதாதையர் விரும்பி உண்ட உணவாயின் அதனைப் படைப்பதில் என்ன தவறு?

மொழியிழப்பை இவர்கள்மீது சுமத்துமுன் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் நன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, 1849இல் அச்சேறிய தம் வரலாற்றில், இளமையில் தம்மைத் தந்தையார் தமிழ் கற்க அனுப்பியதையும், மலாக்காவின் வசதியுள்ளோர் மக்கள் கணக்கு எழுதும் தேவைக்காகத் தமிழ் கற்பது அக்கால வழக்கம் என்பதையும் கூறுகிறார். அதாவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடத் தமிழ் இந்நகரின் வணிக மொழியாக இருந்தது. வணிகம் பினாங்குக்கும் 1819க்குப் பின் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தபோது அம்மொழியின் பயனும் உடன் பெயர்ந்தது. செட்டிகள் தமிழைக் கைவிட்டனர் என்பதினும், தமிழைப் பயன்படச் செய்த உலகம் அவர்களைக் கைவிட்டது என்பதே வரலாற்றுக்கு நெருக்கமான கூற்று.

விழா பத்து நாள் நிகழ்வது. நேர்ந்துகொண்டவர் பாற்குடமும் காவடியும் எடுப்பர். அம்மன் உலா முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து பொய்யாத விநாயகர் கோயில்வரை சென்று மீளும். காஜா பெராங்குக்கும் பழைய நகருக்கும் இடைப்பட்ட இவ்வழி, செட்டிகள் இழந்த வணிகத் தெருவுக்கும் எஞ்சிய குடியிருப்புக்கும் இடைப்பட்ட வழியுமாகும். விநாயகர் கோயில் செட்டிகளின் உடைமையாக இருப்பினும் அதன் நிருவாகம் நகரத்தாரிடம் உள்ளது. ஆண்டுக்கொரு முறை அம்மன் அங்குச் சென்று வருவதில் சமயப் பொருள் மட்டுமன்றி உரிமைப் பொருளும் உறைந்திருப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். மாசி மகத்தன்று நகரத்தார் அதே கோயிலிலிருந்து முருகனை வெள்ளி இரதத்தில் செங் பகுதியிலுள்ள சன்னாசிமலைக்கு எழுந்தருளச் செய்கின்றனர். அவ்விழாவுக்குத் திரளும் கூட்டம் மிகப் பெரிது. ஒரே கோயிலைத் தொட்டுச் செல்லும் இவ்விரு உலாக்களும் மலாக்காத் தமிழர் வரலாற்றின் இரு வேறு அடுக்குகள்.

மூன்றாம் அடுக்கு தோட்டங்கள். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது மலாக்காவில்தான். 1896இல் தான் சாய் யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய அம்முயற்சி, சில ஆண்டுகளில் புக்கிட் அசாஹான் வரை விரிந்தது. கங்காணி முறையில் வந்த தமிழ்த் தொழிலாளர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் குனோங் லேடாங் மலையடிவாரம் வரை பரவினர். காடழித்த இடத்தில் லயம் எழுந்தது; லயத்தையொட்டி மரத்தடியில் ஒரு கல்லோ சூலமோ நட்டனர்; எல்லையில் முனியாண்டி, நடுவில் மாரியம்மன். அச்சம் கதையன்று. புலியும் பாம்பும் மலேரியாக் காய்ச்சலும் அம்மையும் நாள்தோறும் உடனிருந்தன.

இத்தொழிலாளர் தமிழை விடவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அதற்குக் காவலாயிற்று. ஆனால் அவர்தம் வழிபாடு செட்டிகளுடையதைவிட விரைவாக மாறிற்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலிகள் பல இடங்களில் நிறுத்தப்பட்டன. பூசாரியின் இடத்தில் தமிழகத்திலிருந்து வந்த குருக்கள் அமர்ந்தார். கல் இருந்த இடத்தில் சிற்பம் வந்தது. குடமுழுக்கு ஆகமப்படி நிகழ்ந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாற்றப்பட்டபோது கோயில்கள் இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. மொழியைக் காத்தவர் சடங்கை மாற்றினர். மொழியை மாற்றியவர் சடங்கைக் காத்தனர். இவ்விரண்டில் எது தமிழ் மரபு என்று வினவுவது பிழையான வினா. தமிழ் மொழியை அளவுகோலாகக் கொண்டே தமிழ்ப் பண்பாட்டை அளந்து பழகிய நமக்கு, ஆசிரியர்களுக்குக் குறிப்பாக, இது ஏற்கச் சற்றுக் கடினமான உண்மையே. மாணவரிடம் செட்டிகளை ‘தமிழ் தெரியாத தமிழர்’ என்று ஓர் எச்சரிக்கையாகக் காட்டும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அவர்களிடம் டத்தோ சாச்சார் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லும் வழக்கமும் ஏற்படுமாயின், ‘அம்மை’ என்னும் தம் சொந்தச் சொல்லின் பொருளை அம்மாணவர் அங்குக் கண்டறியக்கூடும்.

பெரியம்மை இயற்கையாகப் பற்றிய இறுதி நிகழ்வு 1977இல் சோமாலியாவில் பதிவாயிற்று. 1980 மே மாதத்தில் உலக நலவாழ்வு அவை அந்நோய் உலகிலிருந்து அறவே ஒழிந்ததாக அறிவித்தது. செட்டிகளின் விழா அதே மே மாதத்தை ஒட்டியே தொடர்ந்து நடந்து வந்துள்ளது. நோய் போனபின் நேர்த்திகள் குழந்தை நலன், படிப்பு, வேலை, மகப்பேறு எனத் திசைமாறின. நோயின் பெயர் மட்டும் தெய்வத்தின்மேல் நின்றுவிட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன; அவ்வாண்டில் விழாவுக்குரிய நாள்கள் அக்கட்டுப்பாட்டுக் காலத்துக்குள் அடங்கின. மலேசிய மருத்துவமனைகளில் சின்னம்மையை இன்றும் ‘சாச்சார் ஆயிர்’ என்றே குறிக்கின்றனர். தமிழர் வீட்டில் அக்குழந்தைக்குத் தலைமாட்டில் வேப்பிலை வைக்கப்படுகிறது.